சங்கிலிக் கம்பு பிடித்தவன்

எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். மகன் விளையாடும் அமெரிக்கன் ஃபுட்பால் பிடிபட இரண்டு வருடம் எடுத்தாலும் நான் விடவில்லை. முட்டை போலப் பந்து, தலைக்குக் கவசம், நிமிடத்துக்கு ஒருதரம் கூடிக் குசுகுசுப்பு. பதினொரு பேர் இருந்தும் எல்லாம் குவாட்டர்பேக் என்ற ஒருவன் கையில்தான். எறிவதா, தானே ஓடுவதா என்று முடிவெடுப்பவன் அவன். வில் என்ற எங்கள் நகரத்துக் கழகத்துக்கு அந்த ஒருவன் என் மகன்.

போன வருடம் அவனுடைய இடது முழங்காலில் தசைநார் அறுந்தது. ஒப்பரேஷன், ஊன்றுகோல், பிசியோ என்று பத்து மாதம் போனது. விளையாடலாம் என்று மருத்துவர் கையெழுத்து வைத்துவிட்டார். ஆனால் ஆட்டத்தில் அந்தக் கால் தாங்குமா என்பது யாருக்கும் தெரியாது. மாற்று ஆட்டக்காரனோ இராணுவப் பயிற்சிக்குப் போயிருந்தான். கடைசி ஆட்டத்தில் தோற்றால் கழகம் கீழ்ப் பிரிவுக்கு இறங்கவேண்டும். பயிற்சியாளர் மகனை இறக்கத் துணிந்துவிட்டார்.

நான் தொழிற்சாலையில் மெஷின் ஓட்டுகிறவன். திருத்திய மெஷினை முதல் நாள் அரை வேகத்தில்தான் விடுவோம். இவனையும் அப்படி விடலாமே என்று எனக்குத் தெரிந்த டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், பயிற்சியாளரைக் கேட்டேன். அரைவாசிக் குவாட்டர்பேக் என்று ஒன்று கிடையாது என்று சிரித்தார். எனக்கு எரிச்சல் வந்தது. முழங்கால் அவருடையது இல்லையே.

“எனக்குப் பாக்க ஏலாது, நான் வரேல்லை. நீங்கள் ஊர்க் கேள்வியெல்லாம் கேக்காமல் பிள்ளையின்ரை காலைப் பாருங்கோ” என்றாள் மனைவி.

பார்க்க நல்ல இடம் கிடைத்தது. எங்கள் மைதானத்தில் ஆட்டம் என்றால் சங்கிலி பிடிப்பது பெற்றோர் வேலை. நாலு முயற்சிக்குள் பந்தைப் பத்து கெஜ தூரம் முன்னே கொண்டுபோகவேண்டும். அந்தத் தூரத்தைக் காட்டுவது ஒரு சங்கிலி. இரண்டு முனையிலும் கம்பு. எட்டவேண்டிய முன்கம்பு என் கையில். கம்பு பிடிப்பவர்கள் கைதட்டவோ கத்தவோ கூடாது என்று நடுவர் கண்டிப்பாகச் சொன்னார். தமிழில் கத்தினால் இவருக்கு என்ன விளங்கப்போகிறது என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

ஆட்டம் முழுக்க என் கண் பந்தில் இல்லை, இடது முழங்காலில்தான். எறிந்தான், சுழன்றான், ஒருமுறை விழுந்தும் எழும்பினான். கடைசி நிமிடத்தில் நாங்கள் நாலு புள்ளி பின்னால். நாலாவது முயற்சி. எறிவதற்கு ஆள் அகப்படவில்லை. பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவனே என் கம்பை நோக்கி ஓடிவந்தான். குறுக்கே ஒரு தடியன் அவன் காலைப் பார்த்துப் பாய்ந்தான். எனக்குச் சட்டம் எல்லாம் மறந்துபோனது.

“தம்பி, வெளியில போ! வெளியில!”

சின்னவனாகச் சைக்கிள் ஓட்டிய காலத்தில் இந்தக் குரலுக்கு ஓரம் கட்டிப் பழகியவன். என் கம்பை எட்டுமுன் அவன் கால் எல்லைக்கோட்டுக்கு வெளியே போய்விட்டது; பந்து அந்த இடத்தோடு நின்றதாகக் கணக்கு. தடியன் வெறும் புல்லில் விழுந்தான்.

நடுவர் அளக்கச் சொன்னார். சங்கிலியை இறுக்கி இழுத்து, பந்துக்குப் பக்கத்தில் கம்பை நானே ஊன்றினேன். ஒரு சாண் குறைவு. பந்து எதிரணிக்குப் போனது, ஆட்டமும் அதோடு முடிந்தது.

நடுவர் என்னை முறைத்துப் பார்த்தார், அவ்வளவுதான். நான் என்ன கத்தினேன் என்று அங்கே ஒருவருக்கும் விளங்கவில்லை. பயிற்சியாளர் மகனின் தோளைத் தட்டி, கால் பயந்துவிட்டது, பரவாயில்லை, துணிந்து இறக்கியது நான்தானே என்றார். மகன் என்னைப் பார்க்காமல் ஆம் என்று தலையாட்டினான். வெட்கத்தில் எனக்குக் கம்பை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

காரில் ஏறியதும், பத்து மாதமாகக் கேட்கும் அதே கேள்வியைக் கேட்டேன்.

“கால் நோகுதோ, தம்பி?”

“இல்லை அப்பா” என்றான். “ஒரு துளியும் நோகேல்லை.”