தண்டலை ஜெனோவாவுக்கு அனுப்பிய கதை

டிக்கெட் போட்டுக் கொடுக்கும் தொழிலில், ஆள் போய்ச் சேர்ந்தால் அவர் சாமர்த்தியம்; சேராவிட்டால் நம் தலை. கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பேச்சு வாங்கியவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் கடை போட்டிருக்கிறேன். எட்டாவதோடு படிப்பை விட்டவன். ஆனால் இத்தாலிக்கு வழி கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன்.

கப்பல் கேட்டவர்

சவேரியார் அண்ணாச்சி கொழும்புத் தோணியில் தண்டலாக இருந்தவர், அதாவது தலைமை மாலுமி. வாலிபத்தில் ஒருமுறை அவர் தோணியில் போனேன். நான் வாந்தி எடுத்ததைப் பார்த்துச் சிரிக்க, வெங்காய மூட்டை மேல் படுத்திருந்தவனையெல்லாம் எழுப்பிக் கூட்டிவந்தார். நான் மறக்கிற ஆள் இல்லை.

அவர் மகள் இத்தாலியில் ஜெனோவா என்ற துறைமுக ஊரில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பேத்திக்கு ஞானஸ்நானம். ஞானத்தகப்பனாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டியவர் இவர். வராவிட்டால் சம்பந்தி நிற்பார். அது இவருக்கு உயிர் போகிற விஷயம். புருசன், பெண்டாட்டி இரண்டு பேருக்கும் விசா வந்துவிட்டது. ஆனால் வந்து உட்கார்ந்ததும் கப்பலில் இடம் கேட்டார். கன்டெய்னர் கப்பலில் சரக்குப் பெட்டிதான் போகும், ஆளை ஏற்றமாட்டார்கள் என்றேன். முகம் சிவந்துவிட்டது.

"பெட்டிக்கு இருக்கிற மரியாதை மனுசனுக்குக் கிடையாதாலே?"

காக்கா சொன்ன வழி

அந்த நேரம் கடையில் காயல்பட்டினத்து ரத்தினக் கல் வியாபாரி மீரான் காக்கா இருந்தார். அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். இத்தாலிக்குப் பலமுறை போய்வந்தவர். "திருவனந்தபுரத்துல பிளேன் ஏறுங்க, வளைகுடாவுல மாறுங்க, மிலான்ல இறங்குங்க. அங்கன இருந்து ரெண்டு மணி நேரம் ரயிலு" என்று தண்டலுக்கு விரல்விட்டுச் சொன்னார். நானும் அதைத்தான் சொல்ல இருந்தேன். நான் சொன்னால் மட்டும் எவனும் கேட்பதில்லை.

வளைகுடாவில் எந்த ஊரில் மாறினால் வசதி என்று தண்டல் கேட்டார். காக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எந்த ஊரு வசதின்னு நான் பாக்கிறதே இல்ல அண்ணாச்சி, எந்த ஊர்ல மச்சான் இருக்கான்னுதான் பாப்பேன். சாப்பாடு ஏர்போட்டுக்கே வந்துரும்."

கடல் தெரியும் ரயில்

மிலான் வழியைத் தண்டல் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த ரயில் மலைக்குள் புகுந்து வரும், கடல் கண்ணில் படாது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். ரோமில் இறங்கினால் கரையோரமாகவே ரயில் வரும், ஆனால் நேரம் அதிகம் என்றேன். "அதைப் போடு" என்றார். கிடைத்த விமானமோ ஞாயிற்றுக்கிழமை விடியத்தான் ரோமுக்குப் போகும். ஒன்று தவறினாலும் சம்பந்தி பிள்ளையைத் தூக்கிவிடுவார் என்று எச்சரித்தேன்.

அவர் மனைவி ரெஜினா அக்கா, "அந்தத் தம்பி சொல்லுதத கேளுங்களேன்" என்றாள். அவர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"கடலை இடது கைப்பக்கம் வச்சுக்கிட்டு வடக்க போனா, எந்த ஊருக்கும் நான் போயிருவேன். எனக்கு எவனும் வழி சொல்ல வேண்டாம்."

ஒரு துறைமுகம் முந்தி

ஞாயிற்றுக்கிழமை நம் ஊரில் சாயங்காலம், அங்கே பிற்பகல், தண்டலிடமிருந்து போன் வந்தது. மகளுக்குப் போடவில்லை, எனக்குப் போட்டார். மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரிந்தால் மானம் போய்விடுமாம். நடந்தது இதுதான். ஜன்னல் வழியே பெரிய பெரிய கிரேன்களும் கன்டெய்னர்களும் தெரிந்திருக்கின்றன. துறைமுகம் வந்தாச்சு, ஊரும் வந்தாச்சு என்று முடிவு செய்துவிட்டார். மாப்பிள்ளை நிற்கிறாரா பார்க்கிறேன் என்று, நம் ஊர் வழக்கப்படி பெட்டியையும் பெண்டாட்டியையும் ரயிலில் விட்டுவிட்டு இறங்கி பிளாட்பாரத்தில் நடந்திருக்கிறார். அங்கே ரயில் கதவு தானாக மூடிக்கொள்ளும். மூடிக்கொண்டு போய்விட்டது.

பலகையில் எழுதியிருப்பதை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். லா ஸ்பெசியா. அதுவும் துறைமுகம்தான், ஆனால் ஜெனோவாவுக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் போக வேண்டும். இத்தனை வருஷம் நான் காத்திருந்த நேரம் இது. என்னை அறியாமல் சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டே அடுத்த ரயிலுக்கு டிக்கெட் போட்டு அவர் போனுக்கு அனுப்பினேன். எத்தனையாவது பிளாட்பாரம் என்றும் சொன்னேன். கிரேன் என்ன, கலங்கரை விளக்கமே தெரிந்தாலும் மகள் வந்து கையைப் பிடிக்கும்வரை இறங்கக் கூடாது என்றேன். அதற்குத் தண்டல் சொன்னார்:

"சிரிச்சுக்கோலே, உனக்கு உரிமை உண்டு. ஆனா சீக்கிரம் சிரிச்சு முடி, ரயிலு வருது."

கோயில் வாசல்

மீதியை அவர் மகள் எனக்குப் போனில் சொன்னாள். ரெஜினா அக்கா தனியாகவே போய்ச் சேர்ந்துவிட்டாள். கோயிலில் நேரமாகிவிட்டது. அடுத்த ஞானஸ்நானத்துக்கு வேறு ஒரு குடும்பம் பிள்ளையோடு வந்து நிற்கிறது. சம்பந்தி கோட்டைச் சரிசெய்துகொண்டு, "நான் வேணா நிக்கட்டா?" என்று முன்னால் வந்திருக்கிறார். அக்கா பேத்தியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு கோயில் வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்துவிட்டாளாம். அவளைத் தாண்டாமல் யாரும் பிள்ளையை உள்ளே கொண்டுபோக முடியாது.

சாமியார், அதாவது அந்தக் கோயில் பாதிரியார், வந்து என்னவென்று கேட்டிருக்கிறார். அக்கா சொன்னதை மாப்பிள்ளை வேர்த்து விறுவிறுக்க இத்தாலி மொழியில் சொல்ல, சாமியார் வந்திருந்த மற்றக் குடும்பத்தை முதலில் உள்ளே கூப்பிட்டுக்கொண்டாராம். அவர்கள் முடித்து வெளியே வரும்போது, தண்டல் சட்டையெல்லாம் நனைய ஓடிவந்து பிள்ளையைத் தூக்கியிருக்கிறார். முன்னால் சாமியார் கேட்டபோது அக்கா சொன்னது இது:

"அவிய தோணியில போனா, எப்ப வருவாவன்னு தெரியாம காலம் பூரா கரையில காத்துக்கிட்டு நின்னவ நான். உங்க சாமி ஒரு மணி நேரம் காத்திருக்க மாட்டாராக்கும்?"

இப்போதெல்லாம் ஜெனோவாவுக்கு எந்த வழி நல்லது என்று யார் வந்து கேட்டாலும், அங்கே வாசலை மறித்து உட்கார ஆள் இருக்கிறதா என்றுதான் நான் முதலில் கேட்கிறேன்.