ஆற்றுமுகத்தில் முளைத்த எங்கள் தீவு

பழவேற்காட்டுக் கோட்டையின்மேல் ஒல்லாந்தர் கொடி பறந்துகொண்டிருந்த காலத்தில், எங்கள் குடும்பத்துக்கென்று ஒரு தீவு முளைத்தது. மிகைப்படுத்திக் கூறுகிறேன் என்று கருத வேண்டா. அத்தீவின்மேல் நான் என் இரு கால்களாலும் குதித்திருக்கிறேன். ஒரு முறை இடுப்பளவு புதைந்தும் இருக்கிறேன்.

ஏரிக்கரையில் வாழ்ந்த எங்களுக்கு நிலம் எத்துணை அரிய பொருள் என்பதை முதலில் சொல்ல வேண்டும். எங்களுக்கு நீர் உண்டு. ஆண்டுதோறும் குப்பத்தார் கூடிக் குலுக்கல் போட்டு, ஏரியில் இன்ன இடத்தில் இன்ன வீட்டார் வலை கட்டலாம் என்று பிரித்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். இவ்வாண்டு ஒருவருக்கு விழுந்த பாடு மறு ஆண்டு வேறொருவருக்குப் போகும். ஆனால் நனைந்த வலையை விரிக்கவோ, பிடித்த இறாலை உலர்த்தவோ ஒரு முழ மண்ணும் எங்களுடையதன்று. வயற்காரரின் வரப்பில் விரிப்போம். அவர் வீட்டு ஆள் கம்புடன் வருவான். வாரிச் சுருட்டிக்கொண்டு ஓடுவோம். என் தாயார் ஓடுகையில் கூடையிலிருந்து சிந்தும் இறாலைப் பொறுக்கிக்கொண்டு பின்னால் ஓடுவது என் பொறுப்பு.

அவ்வாண்டு குலுக்கலில் ஆற்றுமுகம் எங்களுக்கு விழுந்தது. ஆறு ஏரியில் கலக்கும் அவ்விடமே பாடுகளில் எல்லாம் தலைசிறந்தது. இறால் திரளாகச் செல்லும் ஆழமான நீர்வழி அங்கேதான் இருந்தது. மறு ஆண்டுக்கும் அப்போதே குலுக்கியதில், அது என் தாய்மாமன் முறை என்று முடிவாயிற்று. என் தந்தையும் சித்தப்பாவும் அங்கே கழிகளை வரிசையாக ஊன்றி வலை கட்டினார்கள்.

முதல் மழைக்கே ஆறு செக்கச் செவேலென்று வந்தது. சுண்ணாம்புக் காளவாய்களுக்கு விறகு வெட்டி வெட்டி மேற்கே ஆற்றின் இரு கரைகளும் மொட்டையாகிக் கிடந்தன. ஆதலால் ஆறு நீரைக் காட்டிலும் சேற்றையே விருப்பத்துடன் சுமந்து வந்தது. நீர் வடிந்த காலையில், எங்கள் கழிவரிசையின் பின்னால் ஆமை முதுகுபோல் ஒரு திட்டு தலைகாட்டியது. முதலில் கண்டவர் சித்தப்பா.

"அண்ணாத்தே! மண்ணு! நம்ம பாட்டுல மண்ணு மொளச்சிகீது!"

நான் தோணியிலிருந்து தாவியதும் புதைந்ததும் அப்போதுதான்.

பெருமழைக்கு முன் கழிகளைப் பிடுங்கி ஆற்றுக்கு வழி விட்டுவிடுவது குப்பத்து வழக்கம். என் தந்தை அதையே நினைவூட்டினார்.

"கழிய எடுத்துரணும்டா. ஆத்த மறிச்சா அது கோச்சிக்கும்."

"எடுத்தா திட்டு கரஞ்சி பூடும்" என்றார் சித்தப்பா. "இன்னா அண்ணாத்தே, ஆயுசு பூரா அந்தக் கம்புக்காரனப் பாத்து ஓடிக்கினே இருக்கிறதா?"

நான் என் தந்தையின் கையைப் பிடித்துத் தொங்கினேன். "வுடு நைனா! நம்ம தீவு நைனா!" அவர் என் தாயாரை நோக்கினார். தாயார் தம் கூடையை நோக்கினார். கழிகள் நின்றன.

அதன்பின் எனக்கு உறக்கமும் உணவும் இரண்டாம்பட்சமாயின. கோரையை வேரோடு பெயர்த்துத் தோணி நிறையக் கொண்டுபோய்த் திட்டெங்கும் ஊன்றினேன். கடற்கரை மணலிலிருந்து அடப்பங்கொடியை இழுத்து வந்து மேட்டில் படரவிட்டேன். கடந்துபோகும் தோணிகளிலிருந்து கேலி பறக்கும்.

"இன்னாமே ராணி! உன் சீமையில எனக்கு ஒரு முழம் குடுப்பியா?"

"வரி கட்டினா குடுப்பேன்!" என்பேன், சேற்றுக் கைகளை இடுப்பில் ஊன்றி.

பெருமழை வந்தது. குப்பம் முழுவதும் கரையில் கூடிற்று. கூரைகளும் வேரோடு சாய்ந்த பனைகளும் சுழன்று வந்தன. திட்டு இருந்த இடத்தில் நுரை மட்டுமே தெரிந்தது. "பூட்ச்சி" என்றார் ஒருவர். "கோரை தலை தெரியுது பாரு" என்றார் மற்றொருவர். நான் தொண்டை கட்டும்வரை என் தீவைக் கூவி அழைத்துக்கொண்டிருந்தேன், ஏதோ தொலைந்த ஆட்டை அழைப்பதுபோல.

வெள்ளம் வடிந்தது. தீவு நின்றது! நின்றது மட்டுமன்று; கழிகள் தடுத்த சேறும் கோரை பிடித்த மணலும் சேர்ந்து நாலு பங்காய்ப் பரந்து கிடந்தது. சித்தப்பா தலைப்பாகையை வானில் எறிந்து கூத்தாடினார். நான் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓடினேன். துரத்துவதற்குக் கம்புடன் ஒருவரும் இல்லை.

அவ்வேளையில் மாமா வந்தார். தோணியை வெகு தொலைவிலேயே விட்டுவிட்டு, கணுக்கால் நீரில் நடந்து வந்தார். எங்கள் நிலத்துக்கு மரியாதை செய்கிறார் என்று எண்ணி உள்ளம் பூரித்தேன். அவர் தீவில் ஏறவில்லை. கையிலிருந்த கழியை நீரில் ஊன்றினார். சற்று நகர்ந்து மறுபடி ஊன்றினார். தீவைச் சுற்றிலும் அவ்வாறே செய்தார். எங்கள் தீவை அளக்கிறார் என்பது எனக்கு விளங்கிவிட்டது. அவர் ஊன்றிய இடந்தோறும் நானும் கரையோரமாகக் குதித்துக்கொண்டே சென்றேன்.

என் தந்தை தலை கவிழ்ந்து நின்றார்.

"பாதி நீ எடுத்துக்கோ மச்சான். வலை காயப்போடலாம்" என்றார் மெதுவாக.

"காயப்போடணும்னா வலை மொதல்ல நனையணுமே மச்சான்" என்றார் மாமா.

இருவரும் ஆற்றுமுகத்தைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். இளவெயிலில் மின்னும் மணல் மட்டுமே இருந்தது. மிக அழகாக இருந்தது.

"எம்மாம் பெருசு மாமா, நம்ம தீவு?" என்று அவர் கழியைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

அவர் அதை உயர்த்திப் பார்த்தார். அடியில் ஒரு சாண் அளவே நனைந்திருந்தது. பிறகு தம் ஈரக்கையை என் தலைமேல் வைத்தார்.

"ரொம்பப் பெருசுமே" என்றார்.

அச்செய்தியைக் கூவிக்கொண்டே என் தாயாரிடம் ஓடினேன்.