புழு எண்ணிய நோட்டு

ராஜபாளையத்தில் எங்கள் தெருமுனையில், இயற்கைக் காய்கறி என்று பலகை மாட்டிய கடை ஒன்று வந்திருக்கிறது. சனிக்கிழமைகளில் போகிறேன். கத்தரிக்காயில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புழுத்துளை இருந்தால் வாங்குவேன். எல்லாம் பளபளவென்று இருந்தால் பையை மடித்துக்கொண்டு வந்துவிடுவேன். கடைக்காரப் பெண் காரணம் கேட்டாள். சொல்ல அலுப்பாக இருந்தது. இங்கே எழுதிவைக்கிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. எங்கள் தோட்டம் கூமாப்பட்டிக்கு மேற்கே, மலையை ஒட்டி இருந்தது. சித்தப்பா ராஜபாளையத்து நூல் மில்லில் பதினோரு வருடம் வேலை பார்த்து, பஞ்சுத் தூசியில் இருமல் பிடித்து ஊர் திரும்பியிருந்தார். எங்கேயோ பயிற்சிக்குப் போய்வந்தவர், முப்பது சென்ட் கத்தரியை உரமும் பூச்சிமருந்தும் இல்லாமல் செய்துபார்க்கிறேன் என்றார். சாணமும் கோமியமும் வெல்லமும் ஊறிய கரைசல் டிரம்மைத் தாண்டும்போதெல்லாம் அப்பா துண்டால் மூக்கைப் பொத்துவார்.

“இதை ஊத்துனா புழு சாகாதுலே. நாத்தம் தாங்காம பக்கத்துத் தோட்டத்துக்குக் குடிபோகும்.”

“போகட்டும்ணே. நம்ம தோட்டத்துல இல்லாட்டிச் சரி.”

அப்பா ஒரு வெள்ளாமைக்குத்தான் தவணை கொடுத்தார். காய் சொத்தையானால் மறுபேச்சில்லை. சித்தப்பா மில்லுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

அதைவிடப் பெரிய சண்டை தராசுக்கு நடந்தது. எங்கள் பக்கத்துச் சம்சாரிகள், அதாவது விவசாயிகள், காயை மூட்டை கட்டிக் கமிஷன் கடைக்கு அனுப்புவார்கள். தெருவில் உட்கார்ந்து நிறுத்து விற்பது கௌரவக் குறைச்சல். மருந்தடிக்காத காயைக் கமிஷன் கடையில் யாரும் தனியாக மதிக்க மாட்டார்கள் என்பதால், தானே விற்கப்போவதாகச் சித்தப்பா சொன்னார். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் மளிகைக்கடை வைத்திருந்த பாய் மில் நாளிலிருந்தே பழக்கம். கடை வாசலில் இடம் தருகிறேன், வாங்க ஆளும் சேர்த்துவைக்கிறேன் என்றிருந்தார்.

“நம்ம வீட்ல எவனும் தராசு பிடிச்சதில்ல” என்றார் அப்பா. சித்தப்பா தராசு வாங்கிவந்து பரணில் வைத்தார்.

எனக்கும் ஒரு வேலை கிடைத்தது. தினமும் காலையில் இருபது செடிகளில் புழு எத்தனை, சிலந்தி எத்தனை என்று எண்ணிப் பழைய நோட்டில் எழுத வேண்டும். சிலந்தி எதற்கு என்று கேட்டேன்.

“அது நமக்குச் சம்பளமில்லாத ஆளுட்டி. வேலைக்கு வந்திருக்கான்னு பாக்க வேண்டாமா?”

புழு 31, சிலந்தி 14. புழு 38, சிலந்தி 12. புழு ஏறிக்கொண்டே போனது. புழு புகுந்து வாடிய கொழுந்துகளைக் கிள்ளிக் கிள்ளிச் சித்தப்பாவுக்கு விரல் கறுத்துப்போனது. ஊரில் அவரை ‘புழுப் பண்ணை’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

முதல் விற்பனைக்கு மூன்று நாள் இருக்கும்போது, மாமனார் வீட்டார் வைத்த பொங்கலுக்காக அவர் அய்யனார் கோவிலுக்குப் போனார். மறுநாள் காலை நோட்டோடு தோட்டத்துக்குப் போனேன். அப்பா மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, முதுகில் ஸ்பிரேயரோடு, சித்தப்பாவின் பாத்திகளில் மருந்தடித்துக்கொண்டிருந்தார். சொத்தைக் காய்களையெல்லாம் பறித்துக் குழியில் தள்ளியிருந்தார்.

“சித்தப்பாட்ட சொல்லாத” என்றார். “இது போச்சுன்னா அவன் திரும்ப அந்தப் பஞ்சுக்குள்ளதான் போகணும். அவன் நெஞ்சு தாங்காது.”

சொல்லமாட்டேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். ஆனால் எண்ணுகிற வேலையை விடவில்லை. மறுநாள் இருபது செடிகளையும் இரண்டு முறை பார்த்து, புழு 0, சிலந்தி 0 என்று எழுதினேன். பூஜ்யங்களை வட்டமாக, அழகாகப் போட்டேன்.

ராத்திரி திரும்பிய சித்தப்பா, மறுநாள் இருள் பிரியுமுன் காய் பறித்தார். ஒன்றில்கூடத் துளை இல்லை. “கரைசல் வேலை செஞ்சிருச்சுட்டி” என்று சிரித்துக்கொண்டே என்னையும் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏற்றினார்.

பாய் சொன்னபடியே ஆள் வந்தது. முதலில் வந்த அம்மாள், காயைப் பையில் வாங்கிக்கொண்டே, மருந்தடிக்கவில்லை என்று எப்படி நம்புவது என்று கேட்டார். சித்தப்பா அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல என் நோட்டை வாங்கி விரித்தார்.

“எங்கண்ணன் மக எண்ணி எழுதியிருக்கா, பாருங்க” என்று ஒவ்வொரு நாளாக வாசித்துக்கொண்டே போனவர், கடைசிப் பக்கத்தில் நின்றுவிட்டார். விரல் சிலந்திக்கு நேராக இருந்தது. கரைசலுக்குச் சிலந்தி சாகாது என்று எனக்கு அன்று தெரியாது. என்னைப் பார்த்தார். நான் சிரித்தேன்.

அந்த அம்மாளின் பையிலிருந்து காயைத் திரும்ப எடுத்தார். “இது வேண்டாம்மா.”

“ஏன், நல்லாத்தானே இருக்கு?”

“நல்லாத்தான் இருக்கு. வேண்டாம்.”

பாய் கடைக்குள்ளிருந்து எட்டிப்பார்த்தார். “ஏய் மாப்ளே, வந்த ஆள வெரட்டுத. நீயெல்லாம் யாவாரம் பண்ணி விளங்குனாப்புலதான்.”

ஊர் திரும்பியதும் இரண்டு கூடைகளையும் குழியில் கவிழ்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார்.

“என்னலே, யாவாரம் எப்படி?” என்றார் அப்பா.

“ஆகலண்ணே. ரோட்டுல உக்காந்து விக்க எனக்கு வாய் வரல. நீங்க சொன்னதுதான் சரி.”

சம்சாரிக்குத் தராசு எதற்கு என்று ஊரே சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. என்னைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போய், “சித்தப்பாட்ட எதுவும் சொன்னியா?” என்று கேட்டார். இல்லை என்றேன். வாங்க வந்தவர்களையும் விரட்டிவிட்டாரே என்று எனக்குச் சித்தப்பாமேல் கோபமாக இருந்தது.

அடுத்த வாரம் அவர் மில்லுக்குத் திரும்பினார். கிளம்பும்போது நோட்டை என் கையில் கொடுத்து, “ஒண்ணு விடாம எழுதியிருக்கட்டி. இப்படியே எழுது” என்றார். அந்தப் பாராட்டில் கோபமெல்லாம் போய்விட்டது. பஸ் கிளம்பியதும் வீட்டுக்கு ஓடிப்போய், கடைசிப் பக்கத்தை விரித்து அப்பாவிடம் காட்டினேன். பாயின் கடையில் சித்தப்பா இதைத்தான் வாசித்தார் என்றும் சொன்னேன்.

அப்பா அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பூஜ்யங்கள் அவ்வளவு அழகாக வந்திருக்கின்றன என்று நினைத்துக்கொண்டேன்.