மிளகாய்த் தொட்டியின் மண்

நீங்கள் பொய் சொன்னீர்கள். கல்லூரியில் ரசாயனம் நடத்துகிறவர் நீங்கள். ஒரு மிளகாய்ச் செடி எதனால் செத்தது என்று உங்கள் நாக்குக்கே தெரிந்திருந்தும், எல்லாருக்கும் முன்னால் தெரியவில்லை என்றீர்கள். எங்கள் வீடு போனது அந்தப் பொய்யால்தான்.

இந்தப் பத்திரிகையைப் படிக்கும் மற்றவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். எழுபதுகளின் தொடக்கம். மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் நீளமான ஒரு வீடு. முன்கட்டில் வீட்டுக்கார மாமி, மாடியில் வாடகைக்கு இந்தப் பேராசிரியரும் மனைவியும், பின்கட்டு அறையில் நானும் என் அம்மாவும். நான் தியாகராய நகரில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். விலக்கான நாட்களில் பெண்கள் கொல்லை அறையில் தனியாக உட்கார வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். நான் உட்காரவில்லை. மாதாமாதம் கொல்லையில் உட்காருகிறவளை எந்த ஆபீஸ் வைத்துக்கொள்ளும்? குளித்துவிட்டு பஸ் பிடிக்க ஓடுவேன். மாமிக்கு இது உறுத்திக்கொண்டே இருந்தது. வாய்விட்டுக் கேட்க ஒரு சாக்கு கிடைக்கவில்லை. செடி அதைக் கொடுத்தது.

கிணற்றடியில் தொட்டியில் இருந்தது மாமியின் செடி. நன்றாகக் காய்த்துக்கொண்டிருந்தது, கோடையில் படுத்துவிட்டது. நுனி இலைகள் மேல்பக்கமாகச் சுருண்டு படகு மாதிரி ஆயின. பூக்கள் கொட்டின. திருஷ்டி என்று மாமி ஒரு கொட்டாங்கச்சியில் கரியும் சுண்ணாம்புமாகப் பொட்டு வைத்துத் தொட்டியில் கவிழ்த்தாள். நான் இலையைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் வெள்ளி பூசியது போல் ஒரு பளபளப்பு. ஆபீஸ் தாள் ஒன்றைக் கீழே பிடித்து நுனியைத் தட்டினேன். வைக்கோல் நிறத்தில் பொடிப்பொடியாகப் பூச்சிகள் தாளில் ஓடின. இலைப்பேன். ரேடியோவில் விவசாயிகளுக்குப் பேசுகிறவர் சொன்ன அடையாளங்கள் எல்லாம் இருந்தன. அவர் சொன்ன மருந்தையே மாமியிடம் சொன்னேன். புளித்த மோரில் நிறையத் தண்ணீர் கலந்து இலைமேல் தெளிக்க வேண்டும், உப்பு மட்டும் கூடவே கூடாது என்றேன். மாமியின் காதில் விழுந்தது மோர் மட்டும்தான்.

அது மோர்மிளகாய் போடுகிற சமயம். கீறிய மிளகாய் பகலில் மாடியில், பேராசிரியரின் ஜன்னலுக்கு எதிரே பாயில் காயும். இரவில் மறுபடி உப்பு மோர் ஜாடிக்குள் போகும். கடைசியில் ஜாடியில் மோர் மிஞ்சியது. அந்த வீட்டில் மோரைக் கீழே கொட்டுவது பாவம். மாமி அதை அப்படியே செடியின் வேரில் விட்டாள். சில நாட்களில் இலை ஓரங்கள் நெருப்பில் வாட்டியதுபோல் கருகி, செடியே பட்டுப்போனது. பேன் இலையைச் சுருட்டும், இப்படிக் கருக்காது. மண்ணைப் பார்த்தேன். காய்ந்த மண்மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். கடல் தண்ணீர்.

நான் வாயைத் திறப்பதற்குள் மாமி முந்திக்கொண்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வீடு முழுவதையும் கிணற்றடிக்குக் கூப்பிட்டாள். கையில் கற்பூரம்.

"தூரமா இருந்தப்போ இந்தச் செடியத் தொட்டியா இல்லையா? தொடலைன்னா கற்பூரத்தக் கையில ஏத்தி அணை. நான் விட்டுடறேன்."

"தொட்டேன் மாமி. இலையத் திருப்பிப் பாத்தேன். செடி அதுனால சாகல, நீங்க விட்ட மோர்ல செத்துது."

"நீ சொன்ன மோர்தானேடி? மிளகாய் ஊறினது மிஞ்சித்து, கொட்டுவானேன்னு விட்டேன்."

"அதுல உப்பு."

"உப்பு லக்ஷ்மி. லக்ஷ்மி கொல்லுவாளா?"

ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நீட்டி, நாக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். மாமி புடவையை இழுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். நான் தொட்ட மண்ணை அவள் வாயில் வைக்க வேண்டுமா என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். அம்மா என் முதுகுக்குப் பின்னால் நின்று, தொடவில்லை என்று சத்தியம் பண்ணிவிடு, பொய்யானாலும் பரவாயில்லை, எங்கே போவோம் என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் நீங்கள் படியிறங்கி வந்தீர்கள். மாடிப்படியில் உட்கார்ந்து திருஷ்டியையும் தீட்டையும் மணிக்கணக்காகக் கிண்டல் செய்கிறவர். என் கையிலிருந்து மண்ணை எடுத்து நாக்கில் வைத்தீர்கள். எனக்கு உயிர் வந்தது. உங்கள் முகம் கோணியதை நான் பார்த்தேன், அம்மாவும் பார்த்தாள். எச்சிலைத் துப்பினீர்கள். பிறகு மாமியைப் பார்த்தீர்கள்.

"ரெண்டு நாளா ஜலதோஷம் மாமி. ருசியே தெரியல."

சொல்லிவிட்டு மேலே போய்விட்டீர்கள். கற்பூரத்தை ஏற்ற நான் மறுத்தேன். மாதம் முடிவதற்குள் அறையைக் காலி செய்யச் சொன்னாள் மாமி. அன்று சாயங்காலம் காபியில் சர்க்கரை போதவில்லை என்று நீங்கள் மனைவியிடம் கத்தியது பின்கட்டு வரை கேட்டது. நாக்கு அதற்குள் சரியாகிவிட்டதா?

கோடம்பாக்கத்தில் ஸ்டூடியோ லாரிகள் நிற்கும் சந்தில் ஒரு தகரக் கூரை அறைதான் கிடைத்தது. அங்கிருந்து அம்மாவால் கோயிலுக்கு நடக்க முடியவில்லை. அதையும் நான் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது வேறு. அங்கே நான் ஒரு தொட்டியில் மிளகாய் போட்டேன். ஒரு இலை பழுத்தாலும் அம்மா என்னைப் பார்ப்பாள். உப்பு என்று எத்தனை முறை சொன்னாலும் அவளிடம் ஒரே பதில்தான்.

"படிச்ச மனுஷர் நாக்குல வெச்சுப் பாத்துட்டுத் தெரியலைன்னாரேடி."

மாமியை அம்மா நம்பவில்லை. உங்களை நம்பினாள். பெற்ற பெண்ணின் கை பட்டதால்தான் செடி செத்தது, வீடு போனது என்று நம்பிக்கொண்டே போன வருஷம் கண்ணை மூடினாள்.

உப்பு செடியைக் கொல்லும் என்று மாமிக்குத் தெரியாது, அவளிடம் எனக்குக் கேட்க ஒன்றும் இல்லை. நீங்கள் இப்போது இதே பத்திரிகையில் மாதாமாதம் மூடநம்பிக்கையைச் சாடி எழுதுகிறீர்கள். படிக்கிறேன். அடுத்த இதழில் உங்கள் பக்கத்தில் வேறு எதுவும் எழுத வேண்டாம். இதற்கு மட்டும், உங்கள் பெயரைப் போட்டு, எல்லாரும் படிக்கும்படி பதில் எழுதுங்கள். அந்த மண் என்ன ருசி?