அத்தானுக்கு ஒரு நோஃபாலோ

"வீட்டுப் பராமரிப்பில் நெடிய களஅனுபவம் கொண்டவர், எங்கள் தளத்தின் வளர்ச்சியை முன்னின்று நடத்துபவர்" என்று 'எங்கள் குழு' பக்கத்தில், அவள் கைகட்டிச் சிரிக்கும் படத்துக்குக் கீழே போட்டிருக்கிறது. களஅனுபவம் என்பது பிறர் கட்டிய வீடுகளில் அவள் வாடகைக்குக் குடியிருந்தது. ஆணி அடிக்க வேண்டுமென்றால் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுவாள். வளர்ச்சியை நடத்துவது என்பதும் கொஞ்சம் மிகைதான், ஏனென்றால் அவளுடைய முக்கிய வேலை தடுத்து நிறுத்துவது. அலுவலகத்தில் அவளுக்குச் செக்போஸ்ட் என்றே பெயர்.

ஒழுகும் குழாய், உதிரும் சுவர், திறக்க மறுக்கும் ஜன்னல் என்று எல்லாவற்றுக்கும் யோசனை சொல்லும் இணையதளம் அது. அதன் கட்டுரையிலிருந்து இன்னொரு தளத்துக்கு இணைப்புக் கொடுத்தால், தேடுபொறி அதைச் சிபாரிசாக எடுத்துக்கொள்ளும். இவர்களே கைகாட்டுகிறார்கள், அங்கே சரக்கு இருக்கும்போல என்று நினைத்து அந்தத் தளத்தைக் கொஞ்சம் மேலே தூக்கி வைக்கும். இணைப்புக்குள் நோஃபாலோ என்ற சொல்லைச் சேர்த்துவிட்டாலோ கதை வேறு. வாசகர் தாராளமாகப் போய்ப் பார்க்கலாம்; தேடுபொறிக்கு மட்டும், "வழி சொன்னேன், ஜாமீன் நிற்கவில்லை" என்று அர்த்தம். யாருக்கு ஜாமீன், யாருக்கு வெறும் வழி என்று முடிவு செய்வதுதான் செக்போஸ்டின் உத்தியோகம். வீட்டிலோ, கேட்டவருக்கெல்லாம் குடையையும் இஸ்திரிப் பெட்டியையும் தூக்கிக் கொடுத்துவிட்டு மழையில் கசங்கிய சட்டையோடு நடப்பவள்.

ஒருமுறை, ஒரு கம்பெனி காசு கொடுத்துப் போட்ட விளம்பரக் கட்டுரையில், கட்டாயம் போட வேண்டிய நோஃபாலோவைப் போட மறந்துவிட்டாள். அதன் பிறகு தளம் தேடலில் பின்னுக்குப் போனது. பயந்துபோய் அவளும் தளத்தின் ஆசிரியரும் சேர்ந்து, வெளியே போகிற அத்தனை இணைப்புக்கும் ஒரே அமுக்கில் நோஃபாலோ போட்டார்கள்.

"யாருக்கும் குடுக்கலேன்னா நம்ம பலம் நம்மகிட்டயே தங்கிடும்ல?" என்றார் ஆசிரியர்.

தங்கவில்லை. யாரையும் நம்பாத தளமாக ஆனதுதான் மிச்சம். பரிசோதனைக் கூடத்துக்கு நோஃபாலோ, பல்கலைக்கழகத்துக்கு நோஃபாலோ, அகராதிக்குக்கூட நோஃபாலோ. வெட்கப்பட்டு, ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தாள். சுவர் ஓதம், அதாவது ஈரக்கசிவு, பற்றிய கட்டுரைக்கு வந்தபோது கை நின்றுவிட்டது.

அது அவளே எழுதியது. அதில் அக்காள் புருஷனின் பெயின்ட் கடைக்கு ஓர் இணைப்பு இருந்தது. இருந்திருக்க வேண்டியது, ஆனால் இல்லாதது, அவள் தம்பியின் பக்கத்துக்கு ஒன்று. தம்பி வீடு வீடாகப் போய்ச் சுவருக்குள் எவ்வளவு ஈரம் என்று அளப்பவன். அளந்ததையெல்லாம் படத்தோடு ஒரு சின்னத் தளத்தில் போடுகிறான். இரண்டு வருஷத்துக்கு முன் அதே தளத்தில், இவள் எழுதிய இந்தக் கட்டுரையைப் பற்றி, "பெயின்ட் டப்பா லேபிளைப் பார்த்து எழுதியது" என்று ஒரு வரி போட்டான். எடுக்கச் சொன்னாள். மாட்டேன் என்றான். அதோடு பேச்சு நின்றது.

ஞாயிற்றுக்கிழமை அக்காவும் அத்தானும் வீட்டுக்கு வந்தார்கள். உட்கார்ந்ததுமே அத்தான் ஆரம்பித்தார்.

"என் கடை லிங்க்ல என்னமோ பூட்டுப் போட்டு வச்சிருக்கியாமே?"

"பூட்டெல்லாம் இல்ல அத்தான். ஆளுங்க தாராளமா வரலாம்."

"ஆளு வரும், மரியாதை வராது. அதானே?"

அலுவலகத்தில் யாரும் நோஃபாலோவை இவ்வளவு சுருக்கமாக விளக்கியதில்லை.

"இந்த ரூமுக்கு நான் சும்மா பெயின்ட் அடிச்சுக் குடுக்கல?"

"அதனாலதான் எடுக்க முடியல. ஒண்ண வாங்கிட்டு ஒண்ணக் குடுத்தா அதுக்குப் பேரு சிபாரிசு இல்ல அத்தான், விளம்பரம்."

"கேட்டீங்களா? அடுத்த தடவை பில்லு போடுங்க, அப்பத்தான் மதிப்பா" என்றாள் அக்கா. பிறகு சுவரைப் பார்த்தாள். அம்மை போட்டதுபோல் முழுக்கக் கொப்புளம். "அடிச்ச லட்சணம் இதுன்னா பில்லும் வேண்டாம்."

"அது சுவரோட குணம்" என்று அத்தான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"குணத்தப் பத்திப் பேசினா நம்ம தம்பி ஞாபகம் வருது" என்றாள் அக்கா. "அந்தத் தளத்த மூடப் போறானாம்டீ. யாரு கண்ணுலயும் படவே மாட்டேங்குதாம். சும்மா எதுக்கு எழுதணும்ங்கறான். சந்தோஷமா உனக்கு?"

அவர்கள் போன பிறகு அவள் ஒரு கொப்புளத்தை விரலால் அழுத்தினாள். உடைந்து, உள்ளேயிருந்து ஈரம் கையில் ஒட்டியது. சுவர் காய்ந்ததும் பூசலாம் என்று எழுதியவள் அவள். வெளியே காய்ந்த சுவர் உள்ளே நனைந்திருக்கும், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார் என்று எழுதியவன் தம்பி. அவன் சொன்னதுதான் சரி, அவனுக்கு இணைப்புக் கொடுக்கலாம்; அப்படியும் மனசு சமாதானமாகவில்லை. பரிதாபத்தில் கொடுத்தால் அது மட்டும் சிபாரிசா? இவன் யாரோ ஒருவனாக இருந்தால் கொடுப்போமா என்று கேட்டுப் பார்த்தாள். யாரோ ஒருவனாக இருந்தால் என்றைக்கோ கொடுத்திருப்பாள்.

மறுநாள், தம்பிக்கு நோஃபாலோ இல்லாமல் இணைப்புக் கொடுக்க வேண்டும் என்று ஆசிரியரிடம் சொன்னாள்.

"நம்மளத் திட்டினவனுக்கா ஜாமீன்?" என்றார் அவர். "லிங்க் வேணும்னா குடு, நோஃபாலோ போட்டுக் குடு."

"நோஃபாலோ புடிக்காதவங்களுக்குப் போடற தண்டனை இல்ல சார். நம்பாதவங்களுக்குப் போடறது. நம்மகிட்ட கைமாறு பண்ணிக்கிட்டவங்களுக்குப் போடறது. இவனை நம்பித்தான் கட்டுரையவே மாத்தப் போறோம்."

"தம்பிங்கறதால சொல்லலையே?"

"தம்பிங்கறதாலதான் சார் ரெண்டு வருஷம் லேட்டு."

ஆசிரியர் சிரித்துவிட்டு, "என்னமோ பண்ணு" என்றார்.

அன்று மதியம் அவள் ஓதக் கட்டுரையிலிருந்து தன் பழைய யோசனையை எடுத்தாள். அது தவறு என்று மேலே ஒரு வரி எழுதினாள். தம்பி அளந்த அளவுகளைச் சேர்த்து, அவன் பக்கத்துக்கு நோஃபாலோ இல்லாமல் இணைப்புக் கொடுத்தாள். அத்தான் கடையின் நோஃபாலோவை அப்படியே விட்டாள்.