பாய்லர் கண்ணாடியும் உச்சிமாகாளியின் கையும்

வலியசாலையிலிருந்து தினமும் நான் வேலைக்குப் போகிற இடம் தம்பானூருக்குப் பின்னால் இருக்கும் ஒரு சலவைக்கூடம். லாட்ஜுகளின் படுக்கை விரிப்புகளும் ஒரு ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் துணிகளும் எங்களிடம்தான் வெளுக்க வரும். பில் போடுவது என் வேலை. பாய்லர் ஓட்டி நீராவி கொடுப்பது உச்சிமாகாளியின் வேலை. நான் ஒரு வாரம் லீவு போட்டால் யாருக்கும் தெரியாது. அவர் அரை மணி நேரம் எழுந்து போனால் கூடமே நின்றுவிடும்.

உச்சிமாகாளி அம்பாசமுத்திரத்துக்காரர். தம்பானூரில் ஒரு ஓட்டல் அடுப்புக்குத் தீ போட வந்தவர், அங்கிருந்த சின்ன பாய்லரோடு பழகி, பரீட்சை எழுதி, கோட்டை விட்டு, மறுபடி எழுதி சர்டிபிகேட் வாங்கினார். அதற்குப் பிறகு யாராவது தீ போடுகிற ஆள் என்று சொன்னால் "ஆப்பரேட்டர்" என்று திருத்துவார். அந்த வீம்பு எனக்குப் பிடிக்கும்.

சில மாதங்களாக அவருடைய வலது கை நடுங்கிக்கொண்டிருந்தது. அவர் மனைவிக்குத் தெரியும், எனக்குத் தெரியும். மேனேஜர் ஜிபினுக்குத் தெரியாது. தெரிந்தால் அன்றைக்கே பாய்லர் பக்கம் போகாதே என்று சொல்லிவிடுவான். கை நடுங்குகிறவரை நீராவிக்குப் பக்கத்தில் யார் நிறுத்துவார்கள்? அதனால் மனிதர் அந்தக் கையைத் துண்டுக்கடியில் ஒளித்துக்கொண்டு நாளைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

அன்று காலையில் பாய்லரின் கண்ணாடிக் குழாய் வெடித்தது. உள்ளே தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று வெளியே காட்டுவது அந்தக் குழாய்தான். இரண்டு உண்டு. ஒன்று ஒழுகுகிறது என்று ஏற்கெனவே அடைத்துப் போட்டிருந்தோம். மற்றதும் போனதும், தண்ணீர் இருக்கிறதா வற்றிவிட்டதா என்று பார்க்க வழியில்லை. வற்றிய பாய்லரில் தீ எரிந்தால் கூரைகூட மிஞ்சாது. உச்சிமாகாளி ஓடிப்போய்க் குழாயின் மேல், கீழ்த் திருகுகளை மூடி, தீயை நிறுத்தினார். யாருக்கும் அடியில்லை, குழாய்க்குக் காவலாக இருந்த கனத்த கண்ணாடி மட்டும் தூள் தூளாகிவிட்டது. ஆஸ்பத்திரித் துணி அத்தனையும் ஈரமாகக் கிடந்தது, மத்தியானத்துக்குள் கொடுத்தாக வேண்டும்.

ஸ்டோரில் ஒரே ஒரு நீளக் குழாய் இருந்தது. அதிலிருந்து தேவையான துண்டு ஒன்றுதான் வரும். கோணலாக உடைந்தால் வேறு கிடையாது. சாலைக் கடைத்தெருவுக்குப் போன் போட்டுக் கேட்டேன், ஆர்டர் கொடுத்தால் அடுத்த வாரம் வரும் என்றார்கள்.

உச்சிமாகாளி கருவிப் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். ஜிபின் நிலைகொள்ளாமல் நடந்தான்.

"அண்ணாச்சி, கட்டர் உண்டல்லோ. வேகம் வெட்டுங்க."

அந்தக் கட்டர் ஒரு மெல்லிய கம்பி, நுனியில் பொடிச் சக்கரம். குழாய்க்குள் விட்டு, உள்சுவரில் அழுத்தி ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும்.

"உள்ள ஒரு கீறல் எடம் மாறி விழுந்தாப் போதும் சார். ஆவி பட்டதும் அந்த எடத்துலதான் வெடிக்கும்" என்றார் அவர்.

சொன்னது சரிதான். ஆனால் கை நன்றாக இருந்த காலத்தில் அதே கட்டரால் அவர் பேசிக்கொண்டே வெட்டியதை நான் பார்த்திருக்கிறேன். இப்போது அதைத் தொட அவருக்குப் பயம்.

"பின்னே அரம் வெச்சு ராவி ஒடிக்கலாமே?"

"கனத்த கண்ணாடி சார். ஒடிச்சா பல்லுப் பல்லா நிக்கும்." பிறகு என்னைப் பார்த்தார். "மாமி, பழைய இஸ்திரிப்பெட்டி ஒண்ணு கெடந்துதுல்லா?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. எந்தக் கருவி நல்லது என்று அவர் தேடவில்லை. நடுங்குகிற கை கெடுக்க முடியாத கருவியைத் தேடிக்கொண்டிருந்தார். இஸ்திரிப்பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தேன். அதற்குள்ளிருந்த சூட்டுக்கம்பியை உருவி, துணி ஏற்றும் வண்டிக்கு வைத்திருந்த பேட்டரி சார்ஜரோடு இணைத்தார். முதலில் உடைந்துபோன பழைய குழாயில் சோதனை. கம்பியைச் சுற்றிக் கரண்ட் விட்டு, சிவந்ததும் ஈரத்துணியை வைத்தார். படக்கென்று குறுக்கே கோணலாகப் பிளந்தது.

ஜிபினுக்கு முகம் விழுந்துவிட்டது. உச்சிமாகாளி மட்டும் குனிந்து கம்பியை ஆராய்ந்தார். இரண்டு முனையும் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது. அங்கே சூடு சரியாக ஏறவில்லை. முனைகளைச் சற்று விலக்கி இன்னொரு உடைசலில் செய்து பார்த்தார். நேராக வந்தது.

பிறகு நல்ல குழாய். அளந்ததைவிட ஒரு நெல்லளவு குறைத்துக் குறி வைத்தார். சூடேறினால் கண்ணாடி நீளும், இரும்பில் முட்டினால் உடையும். குறியில் அரத்தால் சின்னதாக ஒரு வெட்டுப் போட வேண்டும். அதை இடது கையால் மரக்கட்டைமேல் ஊன்றிக்கொண்டு போட்டார். நல்லவேளை, ஜிபின் ஆஸ்பத்திரியோடு போனில் கெஞ்சிக்கொண்டிருந்தான். கம்பி சிவந்தது. ஈரத்துணி பட்டதும் "டிக்" என்றொரு சத்தம். ரம்பத்தால் அறுத்த மாதிரி சுத்தமாக நின்றது. நான் சுவாமி பெயரையெல்லாம் சொல்லி முடித்திருந்தேன்.

முனையை ஈர உப்புத்தாளில் தேய்த்து, ரப்பர் வளையம் போட்டு, குழாயை அதன் இடத்தில் பொருத்தி, மரையை இறுக்கினார். இனி ஒரே வேலை. பாய்லருக்குள் இன்னும் ஆவி இருந்தது. அதைக் குழாய்க்குள் விடும் மேல் திருகை மயிரிழை மயிரிழையாகத் திறந்து குழாயைச் சூடாக்க வேண்டும். ஒரேயடியாகத் திறந்தால் குளிர்ந்த கண்ணாடி நொறுங்கும். காவல் கண்ணாடியும் இல்லை.

ஜிபின் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்து நின்றான். எதையும் வீடியோ எடுத்து குரூப்பில் போடாவிட்டால் அவனுக்கு வேலை நடந்ததாகவே தோன்றாது.

"தள்ளி நில்லுங்க சார்."

"ஆஸ்பத்திரிக்குக் காணிக்கணும் அண்ணாச்சி. ஒரு மினிட்."

ஓரடி தள்ளினான், அவ்வளவுதான். உச்சிமாகாளி திருகில் கை வைத்தார். கை ஆடியது. இடது கையால் அழுத்திப் பிடித்தார், அதுவும் சேர்ந்து ஆடியது. திருகு சட்டென்று அசைந்து ஆவி சீறியது. மூடிவிட்டார். குழாய் உடையவில்லை. அதன் நேர் எதிரே ஜிபினின் முகம் இருந்தது.

உடைந்திருந்தால் எல்லோரும் கண்ணாடியைத்தான் திட்டியிருப்போம். அவர் கையை யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். நான் வாயைத் திறக்க மாட்டேன் என்பதும் அவருக்குத் தெரியும்.

அவர் திருகிலிருந்து கையை எடுத்து ஜிபினுக்கு நேரே நீட்டினார்.

"சார், பாத்துக்கிடுங்க. இது நடுங்குது. இன்னைக்கு நேத்து இல்ல, ஓணத்துக்கு முன்னாலேருந்தே. என்னால இத மெல்லத் தெறக்க முடியாது. நீங்க தெறங்க."

ஜிபின் போனை இறக்கினான். உச்சிமாகாளி தன்னுடைய காப்புக் கண்ணாடியைக் கழற்றி அவனுக்குப் போட்டுவிட்டு, குழாய்க்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நிற்கவைத்தார். "கொஞ்சம். போதும், நிறுத்துங்க. மூச்சு விடுங்க. இன்னும் கொஞ்சம்." குழாய்க்குள் ஆவி படர்ந்து வெளுத்தது, தெளிந்தது. கீழ்த் திருகையும் திறந்ததும் தண்ணீர் மெல்ல ஏறிப் பாதியில் நின்றது. பத்திரமான அளவு. தீ மறுபடியும் எரிந்தது.

"எந்தா அண்ணாச்சி, இத்தன நாளு சொல்லாம இருந்தது?" என்றான் ஜிபின்.

"சொன்னா எந்திரிச்சுப் போவணுமே சார்."

ஜிபின் நல்ல பிள்ளைதான், ஆனாலும் அவன் வேறு என்ன செய்வான்? அங்கேயே நின்றபடி ஏஜென்சிக்குப் போன் போட்டு, நாளையிலிருந்து ஒரு பாய்லர் ஆப்பரேட்டர் வேண்டும் என்று மலையாளத்தில் சொன்னான். உச்சிமாகாளி ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் மட்டத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நல்லா படிச்சுப் பாஸான ஆளாக் கேளுங்க சார். தீய ஏத்துனா இதுல தண்ணி கொஞ்சம் வேகமா எறங்கும். வாரவங்கிட்ட அத மறக்காமச் சொல்லிருங்க."