நிறுத்துகிற அளவு

ஆபீஸில் அவளுக்குப் பட்டாசு என்று பெயர். அவள் வெடித்தால் மேல்மாடிவரை கேட்கும். கொஞ்ச நேரத்தில் அவளே போய் எல்லோருக்கும் டீ வாங்கி வருவாள். ஆனால் வேலையில் அவளைக் குறை சொல்ல ஒருத்தருக்கும் நாக்கு எழாது. மத்திய வங்கியின் ஆராய்ச்சிப் பிரிவில் பல வருஷமாக அவள் பார்ப்பது ஒரே வேலை. இரண்டு நாடுகளைக் கம்ப்யூட்டருக்குள் உட்கார வைத்து, ஒன்றில் விலை ஏறினால் மற்றதன் நாணயம் என்ன ஆகும் என்று கணக்குப் போடுவாள்.

அதை நேராகப் போட்டுவிட முடியாது. நாளைக்கு என்ன ஆகுமோ என்ற நினைப்பில்தானே ஜனங்கள் இன்றைக்குச் செலவு செய்கிறார்கள்? அந்தச் செலவுதானே நாளையைத் தீர்மானிக்கிறது? ஆகவே முதலில் ஒரு குத்துமதிப்பு வைக்க வேண்டும். அதை வைத்துக் கணக்குப் போட்டால் வேறு விடை வரும். அதைப் புதுக் குத்துமதிப்பாக்கி மறுபடி போட வேண்டும். வைத்ததும் வந்ததும் ஒத்துப்போகும்வரை மெஷின் சுற்றும். எவ்வளவு வித்தியாசம் இருந்தால் நிறுத்தலாம் என்பதற்கு ஓர் அளவு உண்டு, மயிரிழையை விடச் சன்னமானது. அதில் பட்டாசு யாரையும் கை வைக்க விட்டதில்லை.

இந்தத் தடவை கேள்வி பெரிது. அரசாங்கம் இதுவரை ஒரே மதிப்பில் பிடித்து வைத்திருந்த நாணயத்தை இனிமேல் கைவிட்டால் எவ்வளவு விழும்?

வீட்டிலும் அதே கேள்விதான். அவளுடைய அக்கா, வெளிநாட்டுத் துணியில் சட்டை தைக்கிற ஃபேக்டரியில் சூப்பர்வைசர். நாணயம் பலமாக விழுந்தால் துணி விலை எகிறும், முதலாளி கதவைச் சாத்திவிடுவார். ஒரு மாணவர் விடுதியில் அக்காவுக்கு வேறு வேலை தயாராக இருந்தது. சம்பளம் குறைச்சல், ஆனால் நிரந்தரம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

“என்னடி, விழுமா விழாதா? ஒரு வார்த்தை சொல்லித் தொலையேன்.”

“அறிக்கை வர்ற வரைக்கும் வீட்டுலகூட வாயைத் திறக்கக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கியிருக்காங்கக்கா.”

“ஆமா, பெரிய ராஜரகசியம்!”

கணக்கோ நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தது. புதன்கிழமை காலையில் அவள் போய்ப் பார்த்தால், நின்றிருந்தது. விடை நாலு சதவீதம். எப்படி நின்றது? நிறுத்துகிற அளவை யாரோ ஆயிரம் மடங்கு தளர்த்தியிருந்தார்கள். பட்டாசு நேரே டைரக்டர் அறைக்குள் போனாள்.

“யார் சார் இதைத் தொட்டது?”

“நான்தாம்மா. கூட்டம் நாளைக்கு. அது நிக்கவே மாட்டேங்குது. இப்போ பாரு, சமத்தா நின்னுடுச்சு.”

“சோறு வேகலைன்னா இன்னும் வேக வைக்கணும் சார். பல்லுல கடிபடுறதை வெந்துடுச்சுன்னு சொல்லித் தட்டுல போடுவீங்களா?”

போடுவார், மனிதர். கூச்சமே கிடையாது. மறுநாள் கூட்டத்தில் அதையே கொண்டுபோய் வைத்தார். பட்டாசு எழுந்து, வங்கித் தலைவர் கண்ணெதிரிலேயே அந்தத் தளர்ந்த கணக்கை வேறொரு குத்துமதிப்பிலிருந்து ஓட்டிக் காட்டினாள். அதுவும் உடனே நின்றது, முப்பது சதவீதம் என்று.

“எங்கே ஆரம்பிச்சாலும் ஒரே இடத்துக்கு வந்து சேரணும் சார். இது ஆரம்பிச்ச இடத்துலயே படுத்துக்குது. இது விடையே இல்லை. இன்னும் ஒரு வாரம் கொடுங்க.”

தலைவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். “வாரமெல்லாம் இல்லம்மா. ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு போட்டுடலாமே. பதினேழு?”

“ஜனங்க பயந்துடுவாங்க சார், ஏழு போதும்” என்றார் டைரக்டர்.

“இது என்ன கத்தரிக்காய் வியாபாரமா?” பட்டாசு வெடித்தாள். “அப்போ அறிக்கையிலேருந்து என் பேரை எடுத்துடுங்க.”

“சரிம்மா, எடுத்துடறேன். உட்காரு” என்று டைரக்டர் கையமர்த்தினார்.

அன்றைக்கு ராத்திரி பட்டாசு, அக்காவின் முகத்தைப் பார்க்காமலே சாப்பிட்டாள். கூட்டத்தில் நடந்தது வாய்வரை வந்தது. போட்ட கையெழுத்து நினைவுக்கு வர, விழுங்கிவிட்டாள். நம் பெயர் இல்லாத அறிக்கையை அக்கா எதற்கு நம்பப் போகிறாள் என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை அவள் குளித்துவிட்டு வந்தபோது, அக்கா போனை வைத்துக்கொண்டு சிரித்தபடி நின்றாள்.

“விடுதிக்கு வேண்டாம்னு சொல்லிட்டேன்டி. வேற ஆளை வச்சுக்கறாங்களாம்.”

“ஏன்க்கா? யாரைக் கேட்டுச் சொன்னே?”

“உன்னைத்தான். ஏழு சதவீதம்தான்னு அறிக்கை வந்திருக்கே. கீழே உன் பேரு போட்டிருக்கு. அதுக்கு மேல நான் எதைப் பார்க்கணும்?”

பட்டாசு போனைப் பிடுங்கிப் பார்த்தாள். முதல் பெயரே அவளுடையதுதான். பாவி! அப்படியே டைரக்டரைக் கூப்பிட்டாள்.

“மானம் இருக்கா சார் உங்களுக்கு? அது கணக்கா? ஏலம் போட்ட நம்பர்! முப்பதுக்கு மேலகூட விழலாம், யாருக்கும் தெரியாது. உடனே என் பேரை எடுங்க. ஏன் எடுத்தீங்கன்னும் போடுங்க. இல்லைன்னா நானே ஊரைக் கூட்டிச் சொல்லுவேன். வேலை போனா போகட்டும்!”

பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. அவள் போனை வைத்துவிட்டு மூச்சு வாங்கினாள். அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சிரிப்பு போயிருந்தது.

“இந்தக் கத்தலை நேத்து ராத்திரி என்கிட்ட கத்தியிருக்கலாமேடி” என்றாள்.